உள்ளூர்ச் சாட்சிகளும் கல்லூரி விழாக்களும்: தென் கரோலினா வரலாறு கற்பிப்பது

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஜனவரி மாதத்தின் மூன்றாம் திங்கட்கிழமை மார்ட்டின் லூதர் கிங் நினைவு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. 1983-ஆம் ஆண்டில் இதற்கான சட்டம் இயற்றப்பெற்று, 1986-ஆம் ஆண்டு முதல் அது தேசிய விடுமுறை நாளாயிற்று. 1994-ல் நிறைவேறிய மற்றொரு சட்டம் அந்நாளைத் தொண்டு செய்யும் நாளாகவும் அறிவித்தது. இந்நாளையொட்டிக் கல்லூரிகள் பலவற்றில் குடியுரிமை இயக்கத்தைக் கொண்டாடும் விழாக்கள் நடைபெறுகின்றன. வழிபாடு, சொற்பொழிவு, பாடற்குழுவின் இசை ஆகியவற்றோடு, அவ்வட்டாரத்தில் மக்களுக்காக உழைத்த சிலரை மேடைக்கு அழைத்துக் கனம்பண்ணுவதும் அவ்விழாக்களின் வழக்கமாகிவிட்டது. ஓய்வு பெற்ற ஆசிரியை, சிற்றூர்ச் சபையின் போதகர், வாக்காளர் பதிவுக்காக வீடு வீடாய்ச் சென்ற மூதாட்டி ஆகிய இத்தகையோரே அங்கே பெரும்பாலும் பாராட்டப் பெறுகின்றனர்.

இவ்வழக்கம் நல்லது என்பதில் ஐயமில்லை. ஆயினும் திருமறையைக் கற்போர் இத்தகைய விழாக்களைக் காணும்போது மத்தேயு நற்செய்தியின் 23-ஆம் அதிகாரத்தை நினையாதிருக்க இயலாது. முன்னோர் கொன்ற தீர்க்கதரிசிகளுக்குப் பிள்ளைகள் கல்லறை எழுப்பி அழகு செய்வதைக் குறித்து நம் ஆண்டவர் அங்கே கடுமையாகப் பேசுகிறார். கனம்பண்ணுதல் என்பது கடந்த காலத்தின் கணக்கை மூடிவிடும் வழியாகவும் அமையலாம்; அக்கணக்கைத் திறந்து பார்க்கும் வழியாகவும் அமையலாம். எது எப்பொழுது நிகழ்கிறது? தென் கரோலினா மாநிலத்தின் வரலாற்றைக்கொண்டு இவ்வினாவை ஆராய விரும்புகிறோம். கிங் நினைவு நாளை மாநில ஊழியர் அனைவருக்கும் உரிய கட்டாய விடுமுறையாக ஏற்றுக்கொண்ட கடைசி மாநிலம் அதுவே. 2000-ஆம் ஆண்டில்தான் அங்கு அது நிறைவேறிற்று. மேலும், இன்று அங்கே பிறரைக் கனம்பண்ணும் கல்லூரிகளுள் சில, ஒரு காலத்தில் அப்போராட்டத்தின் களமாகவோ எதிர்த்தரப்பாகவோ இருந்தவை. ஆகவே அவற்றின் வரலாறு நமக்கு ஏற்ற பாடமாகும்.

1. தீவில் தோன்றிய பள்ளி

மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் சபைகளையும் பள்ளிகளையும் நிறுவிய அமெரிக்கன் போர்டு மிஷன் நம் வாசகர்க்குப் புதிதன்று. அடிமைமுறையைக் கண்டிப்பதில் அந்த போர்டு தயங்குகிறது என்று மனம் வருந்திய கிறிஸ்தவர்கள், 1846-ல் தனியே கூடி அமெரிக்கன் மிஷனெரி அசோசியேஷன் என்னும் சங்கத்தை ஏற்படுத்தினர். உள்நாட்டுப் போர் முடிந்த 1865-ஆம் ஆண்டில் அச்சங்கம் தென் கரோலினாவின் துறைமுக நகராகிய சார்ல்ஸ்டனில், விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கிற்று. அதுவே பின்னர் ஏவரி பள்ளி எனப் பெயர் பெற்றது.

1916-ல் அப்பள்ளியில் பயின்று வெளிவந்தவருள் ஒருவர் செப்டிமா பாயின்செட் கிளார்க். 1898-ல் பிறந்த இவருடைய தந்தை அடிமையாய்ப் பிறந்தவர். சார்ல்ஸ்டன் நகரப் பொதுப் பள்ளிகளில் கறுப்பின ஆசிரியர்களுக்கு அந்நாளில் இடமில்லை. ஆதலால் பதினெட்டு வயதில் அவர் ஜான்ஸ் தீவின் கிராமப் பள்ளியொன்றுக்குச் சென்றார். இரண்டு ஆசிரியர்களுக்கு 132 பிள்ளைகள். எதிரில் இருந்த வெள்ளையர் பள்ளியிலோ மூன்றே பிள்ளைகள். தலைமையாசிரியராகவும் பணிபுரிந்த கிளார்க் பெற்றது 35 டாலர். எதிர்ப் பள்ளி ஆசிரியர் பெற்றது 85 டாலர். இந்த வேறுபாடே தம் கண்களைத் திறந்தது என்று அவர் பிற்காலத்தில் கூறுவதுண்டு. சம ஊதியத்துக்காக நடந்த வழக்கொன்றில் அவரும் உழைத்தார். 1945-ல் நீதிபதி வேட்டீஸ் வாரிங் அவ்வழக்கில் கறுப்பின ஆசிரியர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார்.

1956-ஆம் ஆண்டில் தென் கரோலினா சட்டமன்றம் ஒரு சட்டத்தை இயற்றியது. கறுப்பின மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தில் உறுப்பினராய் இருப்போர் எவரும் அரசு ஊழியத்தில் இருத்தலாகாது என்பது அதன் சாரம். பலர் தம் உறுப்பினர் பதிவை மறைத்தனர். அவர்களைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. குடும்பத்தின் அடுப்பு எரிய வேண்டுமே. கிளார்க் மறைக்க மறுத்தார். ஏறத்தாழ 40 ஆண்டு ஆசிரியப் பணி முடிவுற்றது, ஓய்வூதியமும் பறிபோயிற்று. அப்போது அவருக்கு வயது 58.

அவருடைய பணி அங்கே முடியவில்லை. டென்னசி மாநிலத்தில் மைல்ஸ் ஹார்ட்டன் என்பவர் நடத்திவந்த ஹைலேண்டர் மக்கள் பள்ளியில் அவர் பொறுப்பேற்றார். ஜான்ஸ் தீவைச் சேர்ந்த ஏசா ஜென்கின்ஸ் என்னும் விவசாயியை அப்பள்ளிக்கு அழைத்து வந்தவரும் அவரே. ஜென்கின்ஸ் தீவு மக்களைத் தம் பேருந்தில் நகரத்துக்கு வேலைக்கு ஏற்றிச் செல்பவர். வாக்காளராய்ப் பதிவு செய்ய விரும்புவோர் மாநில அரசியலமைப்பின் ஒரு பகுதியைப் படித்துக் காட்டவேண்டும் என்பது அந்நாளைய விதி. தனக்குப் படிக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று அலைஸ் வைன் என்னும் பெண் கேட்க, அவர் பேருந்திலேயே அதனைக் கற்பிக்கத் தொடங்கினார். அந்த வேண்டுகோளிலிருந்து ஒரு பள்ளி பிறந்தது.

1957 ஜனவரியில் அப்பள்ளியின் முதல் வகுப்பு தொடங்கிற்று. முன்புறம் மளிகைக் கடை. பின்புற அறையில் வகுப்பு. வெள்ளையர் கண்ணில் படாதிருக்கவே இந்த ஏற்பாடு. ஆசிரியையாக நியமிக்கப்பட்டவர் கிளார்க்கின் உறவினரும், சிகை ஒப்பனைக் கடை நடத்தியவருமான பெர்னிஸ் ராபின்சன். தாம் ஆசிரியை அல்லர் என்றும், ஒருவரிடமிருந்து ஒருவர் கற்போம் என்றும் அவர் முதல் நாளிலேயே கூறிவிட்டார். தம் பெயரை எழுதுதல், மணியார்டர் படிவத்தை நிரப்புதல், அரசியலமைப்பைப் படித்தல் ஆகியவையே பாடங்கள். குடியுரிமைப் பள்ளி எனப் பெயர் பெற்ற இம்முறை தீவுகள்தோறும் பரவியது. 1959-ல் ஹைலேண்டர் பள்ளியில் காவல்துறை புகுந்து கிளார்க்கைக் கைது செய்தது; 1961-ல் அப்பள்ளியே மூடப்பட்டது. ஆயினும் அவ்வாண்டிலேயே கிங் தலைமை வகித்த தென்மாநிலக் கிறிஸ்தவத் தலைமை மாநாடு இப்பணியை ஏற்றுக்கொண்டது. ஜார்ஜியா மாநிலத்தில் பழைய அமெரிக்கன் மிஷனெரி அசோசியேஷன் பள்ளி வளாகம் ஒன்றில் பயிற்சி மையம் அமைந்தது. தென் மாநிலங்கள் எங்குமிருந்து ஆயிரக்கணக்கானோர் அங்கே பயிற்சி பெற்றுத் தத்தம் ஊர்களில் பள்ளி நடத்தினர். பின்னாளில் பெரும் ஊர்வலங்கள் நடந்த இடங்களில், அவற்றுக்கு முன்பே இத்தகைய மாலை வகுப்புகள் நடந்திருந்தன என்பதை நாம் மறத்தலாகாது.

2. பேருந்து கேட்ட போதகர்

சார்ல்ஸ்டனுக்கு வடக்கே உள்நாட்டில் இருப்பது கிளாரண்டன் மாவட்டம். அங்கே ஆப்பிரிக்க மெதடிஸ்டு எப்பிஸ்கோப்பல் சபையின் போதகராகவும் பள்ளி ஆசிரியராகவும் பணிபுரிந்தவர் ஜோசப் ஆம்ஸ்ட்ராங் டிலேன். கிளார்க் பிறந்த அதே 1898-ல் பிறந்தவர். அம்மாவட்டத்தில் வெள்ளையர் பிள்ளைகளுக்கென 30 பள்ளிப் பேருந்துகள் ஓடின. கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. அவர்களுள் சிலர் நாள்தோறும் ஒன்பது மைல்வரை நடந்து பள்ளிக்குச் சென்றனர்.

1947-ல் டிலேன் கேட்டது ஒரு பேருந்து மட்டுமே. லெவி பியர்சன் என்னும் விவசாயி தம் பிள்ளைகளின் பொருட்டு வழக்குத் தொடுத்தார். அவருடைய நிலம் எந்தப் பள்ளி எல்லைக்கு வரி செலுத்துகிறது என்னும் நுணுக்கத்தைக் காட்டி 1948-ல் அவ்வழக்கு தள்ளப்பட்டது. வங்கிகள் அவருக்குக் கடன் தர மறுத்தன. ஆயினும் மக்கள் பின்வாங்கவில்லை. 1949 நவம்பரில் பெற்றோர் பலர் கையெழுத்திட்டு, பேருந்து மட்டுமன்றிப் பள்ளி வசதிகள் யாவும் சமமாய் வேண்டும் என மனுச் செய்தனர். முதலாவதாக இடம் பெற்ற பெயர் ஹாரி பிரிக்ஸ் என்பவருடையது. கடற்படையில் பணியாற்றித் திரும்பியவர். பெட்ரோல் நிலையத்தில் வேலை பார்த்தவர். அவருடைய மனைவி எலைசா விடுதியொன்றில் பணிப்பெண். இருவரும் வேலை இழந்தனர்.

பிரிக்ஸ் வழக்கு 1951 மே மாதத்தில் சார்ல்ஸ்டன் நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. தர்குட் மார்ஷல் வாதிட்டார். மூன்று நீதிபதிகளுள் இருவர் பிரிவினையை ஆதரித்தனர். வேட்டீஸ் வாரிங் மட்டும், இனப் பிரிவினை என்பதே சமத்துவமின்மை என்று மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். பழைய சார்ல்ஸ்டன் குடும்பத்தவராகிய அவர் பின்னர் தம் நகரத்தாரால் ஒதுக்கப்பட்டு நியூயார்க்கில் வாழ்ந்தார். 1954 மே 17-ஆம் நாள் உச்சநீதிமன்றம் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என அளித்த புகழ்பெற்ற தீர்ப்பில் இணைந்திருந்த ஐந்து வழக்குகளுள் கிளாரண்டன் மக்களின் வழக்கும் ஒன்று.

இதற்கு டிலேன் செலுத்திய விலை பெரிது. பணியிலிருந்து அவர் நீக்கப்பட்டார். அவர் பாதுகாப்பைக் கருதிச் சபைத் தலைமை அவரை 1950-ல் லேக் சிட்டி என்னும் ஊருக்கு மாற்றிற்று. 1951-ல் சம்மர்ட்டனில் இருந்த அவருடைய வீடு எரிந்தது. வீடு ஊர் எல்லைக்கு வெளியே உள்ளது என்று கூறித் தீயணைப்போர் பார்த்துக்கொண்டிருந்தனர். 1955 அக்டோபரில் லேக் சிட்டி ஆலயம் எரிக்கப்பட்டது. சில நாட்களில் அவர் குடியிருந்த போதகர் இல்லத்தை நோக்கி இரவில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. அவரும் திருப்பிச் சுட்டார். சுட வந்தோர் மீது அன்று, அவர் மீதே பிடிவாரண்டு பிறந்தது. அவர் நியூயார்க் மாநிலத்துக்குத் தப்பிச் சென்றார். அங்கே பஃபலோ நகரில் ஒரு சபையை ஏற்படுத்தினார். அது இன்று டிலேன், வாரிங் ஆகிய இருவர் பெயரையும் இணைத்துத் தாங்கி நிற்கிறது. 1974-ல் அவர் வட கரோலினாவில் மரித்தார். தம் சொந்த மாநிலத்தில் சட்டத்தின் பார்வையில் அவர் அன்றும் தேடப்படும் குற்றவாளியே. 2000-ஆம் ஆண்டில்தான் அக்குற்றச்சாட்டு நீக்கப்பட்டது. 2003-ல் இயற்றிய சட்டத்தின்படி அமெரிக்கக் காங்கிரஸ் டிலேன், பியர்சன், பிரிக்ஸ் தம்பதியர் ஆகிய நால்வர்க்கும் பொற்பதக்கம் வழங்கியது. பெற்றுக்கொள்ள நால்வருள் ஒருவரும் உயிரோடில்லை.

3. கல்லூரி வளாகத்திலே

ஆரஞ்சுபர்க் என்னும் ஊரில் இரண்டு கல்லூரிகள் அடுத்தடுத்து உள்ளன. ஒன்று 1869-ல் மெதடிஸ்டு சபையார் நிறுவிய கிளாஃப்லின். மற்றொன்று 1896-ல் மாநில அரசு கறுப்பின மாணவர்க்கென நிறுவிய தென் கரோலினா மாநிலக் கல்லூரி. அருகிலிருந்த டிரினிட்டி மெதடிஸ்டு ஆலயமே அவ்வூர் இயக்கத்தின் கூடுமிடம். அதன் போதகர் மேத்யூ மெக்காலம் இயக்கத்தின் முன்னணியில் நின்றார்.

1955-ல் பள்ளிப் பிரிவினையை நீக்குமாறு பெற்றோர் மனுச் செய்தபோது வெள்ளை வணிகர்கள் அவர்களுக்குப் பொருளும் கடனும் தர மறுத்தனர். மாணவர் பெற்றோர் பக்கம் நின்றனர். 1956-ல் மாநிலக் கல்லூரியின் மாணவர் தலைவர் ஃபிரெட் மூர், பட்டம் பெறுவதற்குச் சற்று முன்பாகக் கல்லூரியிலிருந்து வெளியேற்றப்பட்டார். அரசின் மானியத்தை நம்பியிருந்த கல்லூரி நிர்வாகம் அரசின் சினத்துக்கு அஞ்சிற்று. 1960 மார்ச்சு 15-ஆம் நாள் இரு கல்லூரி மாணவரும் அமைதியாக ஊர்வலம் சென்றபோது, குளிர்ந்த நீரைப் பீய்ச்சி அவர்களைக் கலைத்தனர். ஏறத்தாழ 400 பேர் கைது செய்யப்பட்டனர். சிறையில் இடம் போதாமையால் பலர் நனைந்த உடையோடு திறந்தவெளிப் பட்டியில் அடைக்கப்பட்டனர்.

1968 பிப்ரவரியில் நிகழ்ந்தது அதனினும் கொடியது. ஊரிலிருந்த பந்துருட்டு விளையாட்டுக் கூடம் ஒன்று கறுப்பினத்தாரை உள்ளே விட மறுத்தது. மாணவர் அதனை எதிர்த்தனர். 8-ஆம் நாள் இரவு, மாநிலக் கல்லூரி வளாகத்தில் கூடியிருந்த மாணவர் மீது நெடுஞ்சாலைக் காவலர்கள் சுட்டனர். சாமுவேல் ஹாமண்ட், ஹென்றி ஸ்மித் என்னும் இரு கல்லூரி மாணவரும், டிலானோ மிடில்டன் என்னும் உயர்நிலைப் பள்ளி மாணவனும் மாண்டனர். ஏறத்தாழ 28 பேர் காயமுற்றனர். பலருக்குக் குண்டு பாய்ந்தது முதுகிலும் பக்கவாட்டிலும். 1969-ல் ஒன்பது காவலரும் விடுதலை செய்யப்பட்டனர். அந்நிகழ்ச்சிக்காகச் சிறை சென்றவர் ஒருவரே: சுடப்பட்டுக் காயமுற்ற கிளீவ்லண்ட் செல்லர்ஸ். 1970-ல் கலகக் குற்றஞ்சாட்டித் தண்டிக்கப்பட்டு, ஏழு மாதம் சிறையில் இருந்தார்.

கல்லூரி மறக்கவில்லை. 1968-லேயே தன் புதிய விளையாட்டரங்குக்கு மாண்ட மூவரின் பெயர்களையும் சூட்டிற்று. ஆண்டுதோறும் பிப்ரவரி 8-ஆம் நாள் அவர்களை நினைவுகூர்ந்து வருகிறது. 2001-ல் நடந்த நினைவுக் கூட்டத்துக்கு மாநில ஆளுநர் ஜிம் ஹாட்ஜஸ் வந்து ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். 2003-ல் ஆளுநர் மார்க் சான்ஃபோர்டு மாநிலத்தின் சார்பில் மன்னிப்புக் கோரினார். செல்லர்ஸ் 1993-ல் மன்னிப்பு பெற்றார்; 2008-ல், தம் சொந்த ஊரில் எப்பிஸ்கோப்பல் சபையோடு தொடர்புள்ள வூர்ஹீஸ் கல்லூரியின் தலைவரானார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரு கல்லூரி விடாமல் மணி அடித்தபின்னரே மாநிலத்தின் செவியில் அது விழுந்தது எனலாம்.

4. எள்ளப்பட்ட ஒரு கடிதம்

இவ்வரலாறுகளை எண்ணும்போது, தலைமை என்றால் என்ன என்னும் வினா எழுகிறது. 1986-ல் வெளிவந்த தம் வாழ்க்கை நினைவுகளில் செப்டிமா கிளார்க் ஒரு செய்தியைக் கூறுகிறார். எல்லா ஊர்வலங்களையும் தாமே தலைமை தாங்கி நடத்த வேண்டாம் என்றும், ஆங்காங்குள்ளோர் தத்தம் ஊரில் தலைமை தாங்குமாறு அவர்களை உருவாக்க வேண்டும் என்றும் அவர் கிங்குக்குக் கடிதம் எழுதினார். கடிதம் பணியாளர் கூட்டத்தில் படிக்கப்பட்டது. கேட்டவர்கள் சிரித்தனர். இயக்கத்திலிருந்த ஆடவர், பெரும்பாலோர் போதகர்கள், பெண்களின் ஆலோசனைக்குச் செவிசாய்க்கவில்லை என்பதே அவருடைய நிலையான வருத்தம். ஆயினும் கிங் மீது அவர் கொண்ட மதிப்புக் குறையவில்லை.

இன்று கல்லூரி விழாக்களில் உள்ளூர்த் தலைவர்கள் பாராட்டப்படுவது, அன்று எள்ளப்பட்ட அக்கடிதத்துக்குக் காலம் தாழ்ந்து வந்த பதில் என்றே நமக்குத் தோன்றுகிறது. கிங் போன்ற பெரியோர் எழும்பவேண்டுமாயின், அவர் வருமுன்பே பேருந்தில் பாடம் சொல்லும் ஜென்கின்சும், கடையின் பின்னறையில் வகுப்பெடுக்கும் ராபின்சனும், முதற் கையெழுத்திடும் பிரிக்சும் இருந்தாக வேண்டும். எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் 11-ஆம் அதிகாரத்தை நாம் இவ்விடத்தில் நினைக்கிறோம். ஆபேல் முதல் சாமுவேல்வரை பெயர்களைச் சொல்லிக்கொண்டே வரும் ஆசிரியர், இறுதியில் பெயரில்லாப் பெருங்கூட்டத்துக்கு வந்து சேர்கிறார். உபத்திரவத்தின் கடுமை முழுவதும் அப்பகுதியிலேதான் உள்ளது. பெயர் பெற்றோரின் விசுவாசமும் பெயரற்றோரின் பாடுகளும் ஒரே சாட்சியாய் அங்கே எண்ணப்படுகின்றன.

5. கனம்பண்ணுதலின் மூன்று அடையாளங்கள்

கல்லறை அலங்காரத்தினின்று மெய்யான கனத்தைப் பிரித்தறிவது எப்படி? தென் கரோலினா வரலாறு மூன்று அடையாளங்களை நமக்குக் காட்டுகிறது.

முதலாவது, விலையைச் சொல்லுதல். 40 ஆண்டு கல்விப் பணி புரிந்த ஆசிரியை என்று கிளார்க்கைப் பாராட்டுவது எளிது. அப்பணி எவ்வாறு முடிவுற்றது, யார் முடித்தார், எந்தச் சட்டத்தால் முடித்தார் என்று சொல்லுவதே அரிது. தியாகம் என்னும் சொல்லைப் பொதுவாக வழங்கி, பறித்தவரின் பெயரை மறைக்கும் பாராட்டு உண்மையைக் கூறுவதாகாது.

இரண்டாவது, தன் சொந்தப் பக்கத்தைத் திறத்தல். சார்ல்ஸ்டன் கல்லூரி 1770-ல் தோன்றிய பழம்பெரும் நிறுவனம். 1944-ல் ஏவரி பள்ளி மாணவர் சிலர் அங்கே இடம் கேட்டு மறுக்கப்பட்டனர். கறுப்பின மாணவரைச் சேர்க்கும் கட்டாயத்தைத் தவிர்க்கவே, நகராட்சிக் கல்லூரியாயிருந்த அது 1949-ல் தனியார் கல்லூரியாக மாறிற்று. முதல் கறுப்பின மாணவர் அங்கு நுழைந்தது 1967-ல். 1978-ல் அதே கல்லூரி செப்டிமா கிளார்க்குக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கிற்று. ஏவரி பள்ளி 1954-ல் மூடப்பட்டிருந்தது. 1985-ல் அக்கல்லூரியின் பொறுப்பில் கறுப்பின மக்களின் வரலாற்றை ஆராயும் மையம் ஒன்று ஏவரியின் பெயரால் உருவாயிற்று. பட்டத்தினும் இம்மையம் பெரிது என்று நாம் கருதுகிறோம். பட்டம் ஒரு நாளில் முடிந்துவிடும். ஆவணங்களைக் காத்துவைக்கும் இடமோ, 1949-ல் நிகழ்ந்ததையும் மாணவர் நாள்தோறும் படித்தறியச் செய்யும். தன்மேல் சாட்சி கூறும் ஏடுகளைத் தானே பாதுகாப்பது ஒரு நிறுவனத்துக்கு எளிதான காரியமன்று.

மூன்றாவது, எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தல். சகேயு ஆண்டவரைத் தன் வீட்டில் ஏற்றுக்கொண்டபோது விருந்தோடு நின்றுவிடவில்லை. அநியாயமாய் வாங்கியதை நான்கு மடங்காய்த் திருப்பித்தருவதாக எழுந்து நின்று அறிவித்தான். 1976-ல் தென் கரோலினா அரசு கிளார்க்கின் ஓய்வூதிய உரிமையை மீண்டும் ஏற்றுக்கொண்டது. அவரைப் பணிநீக்கம் செய்த பள்ளி நிர்வாகத்தின் குழுவிலேயே அவர் 1970-களின் நடுவில் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு அமர்ந்தார். டிலேன் மீதிருந்த குற்றச்சாட்டு நீங்கிற்று. செல்லர்சுக்கு மன்னிப்பு கிடைத்தது. இவை குறைவானவை, காலம் கடந்தவை. செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு என்னும் சொல்லே பொருந்தாது. மாண்ட மூவரின் பெற்றோருக்கு எதுவும் பிள்ளைகளைத் திருப்பித்தராது. ஆயினும் மாலையும் பாராட்டுப் பத்திரமும் செய்யாத ஒன்றை இவை செய்தன: தவறு நிகழ்ந்தது என்பதை அரசின் ஏட்டிலேயே எழுதிவைத்தன.

6. குருத்துவப் பணிக்கு ஆயத்தமாவோர்க்கு

இவ்வரலாற்றில் போதகர் பலர் வருகின்றனர். டிலேன் ஒரு பேருந்துக்காகத் தொடங்கினார். மெக்காலம் தம் ஆலயத்தின் கதவைத் திறந்துவைத்தார். ஐசையா டிக்வின்சி நியூமன் என்னும் மெதடிஸ்டு போதகர் 1960 முதல் 1969 வரை தேசியச் சங்கத்தின் களச் செயலாளராகத் தென் கரோலினா முழுவதும் சுற்றிவந்தார். 1983-ல் மாநிலச் செனட் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஏறத்தாழ நூறாண்டுகளில் அச்சபையில் அமர்ந்த முதல் கறுப்பினத்தவர் அவரே. இவர்களில் எவரும் பெரிய பேராலயங்களின் ஆயர்கள் அல்லர். கிராமச் சபைகளில் திருமுழுக்குக் கொடுத்து, அடக்க ஆராதனை நடத்தி, அதே மக்களோடு நீதிமன்றப் படியேறியவர்கள். இறையியல் கல்லூரியில் கற்பது இத்தகைய பணிக்கு உதவவேண்டும்.

இன்னும் ஒன்று. எள்ளிச் சிரித்தவர்களிலும் போதகர் இருந்தனர் என்பதைக் கிளார்க்கின் கடிதம் நமக்குச் சொல்லுகிறது. நீதிக்காக அடிபட்டவரும், பக்கத்தில் அமர்ந்திருக்கும் பெண்ணின் நல்லாலோசனையைக் கேளாதவராய் இருத்தல் கூடும். ஆகவே விழா நாளில் யாரை மேடையேற்றுவது என்று ஆராயும் குழுவில் இருப்போர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, இதுவரை யாருடைய சொல்லை நாம் கேட்கவில்லை என்பதே. பதில் பெரும்பாலும் மூத்த பெண்களிடமும், பள்ளி செல்லாதோரிடமும், ஊரைவிட்டுப் போக நேர்ந்தோரிடமும் இருக்கும்.

சபைகளிலும் கல்லூரிகளிலும் நூற்றாண்டு விழாக்களும் நினைவுச் சொற்பொழிவுகளும் நடைபெறும்போது இப்பாடம் பயன்படும். விழா மலரில் எவருடைய படம் அச்சிடப்படுகிறது என்பதோடு, பழைய நடவடிக்கைப் புத்தகத்தில் எவருடைய மனு தள்ளப்பட்டது என்பதையும் மாணவர் தேடிப் படிப்பது நலம். அவ்வாறு தள்ளப்பட்டவர் இன்றும் உயிரோடிருந்தால், அவரை அழைப்பதற்கு முன் அவருக்குச் சேரவேண்டியது ஏதேனும் நம்மிடம் உள்ளதா என்று பார்ப்பது அதனினும் நலம்.

செப்டிமா கிளார்க் 1987 டிசம்பர் 15-ஆம் நாள் ஜான்ஸ் தீவில் காலமானார். பதினெட்டு வயதில் கற்பிக்கச் சென்ற அதே தீவு. அவர் பெற்ற பட்டங்களும் விருதுகளும் பல. ஆனால் அவர் கேட்டுக்கொண்டது, ஒவ்வோர் ஊரிலும் தலைமை தாங்க வல்லோரை உருவாக்க வேண்டும் என்பதே. விழா முடிந்த மறுநாள் மாலையில் அத்தகைய வகுப்பொன்று எங்கேனும் தொடங்குமாயின், அன்றே அவர் மெய்யாகக் கனம்பெற்றவர் ஆவார்.